ஜீவராஜ் மாஸ்டர் போட்ட டீ

பால் திரிந்துவிட்டது.

சற்று முன்புவரை வெள்ளை வெளேரென்று சட்டியில் நின்ற பசும்பால், இப்போது மேலே மஞ்சள் தண்ணீரும் அடியில் கட்டி கட்டியாகவும் பிரிந்து கிடந்தது. ஜீவராஜ் அடுப்பை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். கரண்டியால் ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடியும் எட்டிப் பார்த்தான். கட்டிகள் சுற்றி வந்து பழையபடி அடியில் உட்கார்ந்தன.

முன் அறையான காம்பராவில் மாப்பிள்ளை வீட்டார் இருந்தார்கள். அவர்களுக்கும் இந்தச் சட்டிக்கும் நடுவில் ஒரு பூப்போட்ட திரைச்சீலை மட்டும்தான் தொங்கியது. அதற்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுச் செல்லசாமி மாமாவின் குரல் கணீரென்று வந்தது.

"டீ இப்ப வந்துருமுங்க. பொண்ணு உள்ளுக்குத் தன் கையாலயே போட்டுக்கிட்டு இருக்கு. சுத்தமான பசும்பாலு!"

பொண்ணு உள்ளே இல்லை. பொண்ணு, அதாவது ஜீவராஜின் தங்கை லோஜினி, தலவாக்கலையிலிருந்து வரும் பஸ்ஸில் எங்கேயோ ஒரு வளைவில் மாட்டிக்கொண்டிருந்தாள். டவுனில் அவள் வேலை செய்யும் தையல் கடையில் அரைநாள் லீவுதான் கொடுத்திருந்தார்கள். பொண்ணு பார்க்கச் சாயங்காலம் வருவதாகச் சொன்னவர்கள், வழியில் ஒரு வேன் கிடைத்ததென்று மதியச் சோறு செரிக்கும் முன்பே வந்து இறங்கிவிட்டார்கள்.

ஜீவராஜ் பதறிப்போய் போன் போட்டபோது லோஜினி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"மண்ணு சரிஞ்சி ஒரு பக்கமாத்தாண்ணே பஸ்ஸ விடுறாங்க. எப்புடியும் வந்துருவேன். அதுவரைக்கும் அடுப்பாங்கரையில ஒண்ணையும் தொடாத."

பொண்ணு பார்க்க வந்த வீட்டில் பொண்ணு இல்லை என்று சொல்ல முடியுமா? தாய் தகப்பன் இல்லாத வீட்டுக்குப் பெரிய மனுசனாக வந்து உட்கார்ந்த செல்லசாமி மாமா, யாரும் கேட்பதற்கு முன்பே "பொண்ணு உள்ள டீ போடுது" என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்ட பிறகு உள்ளேயிருந்து டீ வந்துதானே ஆக வேண்டும். அப்படித்தான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஜீவராஜ் மாஸ்டர், முப்பத்திரண்டு வயதில் முதன்முறையாக டீ போடக் கரண்டி பிடித்தான்.

திரைச்சீலை விலகியது. செல்லசாமி மாமாவின் தலை மட்டும் உள்ளே நீண்டது.

"என்னாப்பா மாஸ்டரு, ஆச்சா?"

"பால் திரிஞ்சிருச்சி மாமா."

மாமாவின் கண்கள் சட்டிக்குப் போய்த் திரும்பின. "வேற பாலு?"

"இருந்ததே இவ்வளவுதான். பால்மாவு டின்னும் காலி. லோஜினிதான் டவுன்ல இருந்து கொண்டுவரணும். பேசாம பிளேன்டீ குடுப்போமா?"

"மாப்பிள்ள வீட்டுக்குப் பிளேன்டீயா? அதுவும் பசும்பாலுன்னு நான் வாய்விட்டுச் சொன்னதுக்கு அப்புறமா? மானம் போயிரும்ப்பா." மாமா குரலை இறக்கினார். "வந்திருக்கிறது யாருன்னு தெரியுமில்ல? டீமேக்கரு ஆண்டியப்பன். அந்த நாக்குக்குத் தெரியாத டீ திம்புள்ளப் பக்கத்துலயே கெடையாது. போன மாசம் நல்லதண்ணித் தோட்டத்துல ஒரு பொண்ணு பாக்கப் போனாங்களாம். மனுசன் ஒரு வாய் குடிச்சாரு. கோப்பையக் கீழ வச்சாரு. எந்திரிச்சி வெளிய போயிட்டாரு. அத்தோட சரி, சம்பந்தம் முடிஞ்சி போச்சி."

தலை மறைந்தது.

ஆண்டியப்பன் தொழிற்சாலையில் தேயிலையைக் காய வைத்து, அரைத்து, பதம் பார்த்து அனுப்பும் டீமேக்கர். கொழும்பு ஏலத்துக்குப் போகும் ஒவ்வொரு பெட்டியும் அவர் சரி என்று சொன்ன பிறகுதான் வாசல் கேற்றைத் தாண்டும் என்பார்கள். அவருடைய மகன் கிஷாந்த்துக்கும் லோஜினிக்கும் ஏற்கெனவே ஒரு பிடித்தம் இருந்தது. ஒரு மனுசனுக்கு எத்தனை சட்டை இறுக்கமாக இருக்கும்? கிஷாந்த் வாரம் தவறாமல் ஒரு சட்டையைத் தூக்கிக்கொண்டு தையல் கடைக்கு வந்துவிடுவான். இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டார்கள். ஆனால் கடைசிச் சொல் அப்பாவுடையது. அப்பாவோ ஒரு வாய் டீ குடித்துவிட்டுத்தான் சொல்வார்.

ஜீவராஜுக்கு இதில் வேறொரு கணக்கும் இருந்தது. அம்மா இறந்த வருடம், ஓ.எல். பரீட்சையில் அவனைவிட நல்ல பெறுபேறு எடுத்திருந்தும், லோஜினி படிப்பை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டாள். அவன் ஆசிரியர் கலாசாலைக்குப் போனான். அவள் சோறாக்கிப் போட்டாள், துணி தைத்தாள், ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அவள் கேட்டது இந்த ஒரு கலியாணத்தைத்தான். அதையும் தன் கையால் கெடுத்துவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

சரி, பதறக் கூடாது. யோசிக்க வேண்டும். பால் ஏன் திரிந்தது?

காரணம் அவன் கண் முன்னாலேயே பளபளத்தது. கறுத்துப் போய்க் கிடந்த அலுமினியச் சட்டியை, விருந்தாளிகள் வருகிறார்களே என்று, காலையில் அவனேதான் கொறக்காப் புளி போட்டுக் கொதிக்க வைத்து வெள்ளியாக்கியிருந்தான். புளியில் இருப்பது அமிலம். அமிலம் அலுமினியத்தின் அழுக்கை எடுக்கும். இந்த வாரம்தான் எட்டாம் வகுப்புக்கு அமிலங்களும் மூலங்களும் பாடம் நடத்தியிருந்தான். அந்தப் பெருமையில் சட்டியைக் கவிழ்த்துக் கழுவ மறந்துபோனான். அடியில் கிடந்த புளித்தண்ணீரின் மேலேயே பாலை ஊற்றிவிட்டான்.

அமிலம் சேர்ந்ததால் பால் திரிந்தது. அப்படியானால் அமிலத்தை முறிக்க ஒரு மூலம், அதாவது காரம், சேர்த்தால் போயிற்று. இதற்குப் பெயர்தான் நடுநிலையாக்கல். ஜீவராஜின் முகத்தில் வகுப்பறைக் களை வந்தது.

அலுமாரியில் ஆப்பத்துக்கு வைத்திருந்த அப்பச்சோடா அகப்பட்டது. ஒரு சிட்டிகை போட்டான். பால் புஸ்ஸென்று நுரைத்தது. இன்னொரு சிட்டிகை போட்டான். பிறகு, அவசரத்தில், ஒரு கரண்டி போட்டான். அடுப்பை மூட்டி விடாமல் கலக்கினான்.

நம்பினால் நம்புங்கள், கட்டிகள் கரைந்தன. ஒன்றொன்றாகச் சிறுத்து, மாவாகி, பாலோடு பாலாகச் சேர்ந்தன. நிறம் மட்டும் கொஞ்சம் பழுப்பேறி இருந்தது. ஜீவராஜ் கரண்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சந்தோசத்தில் வீட்டில் இருந்த நல்ல தேயிலைப் பொட்டலம் முழுவதையும் அப்படியே சட்டியில் கொட்டினான்.

டீ சிவந்தது. சிவந்து, கறுத்து, செங்கல்லைக் கரைத்து ஊற்றியதுபோல் ஒரு நிறத்தில் வந்து நின்றது. சோடா சேர்ந்தால் தேயிலைச் சாயம் இப்படித்தான் கடுமையாகும் என்பது அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்தான். சவர்க்காரம்! சாட்சாத் துணி துவைக்கும் சவர்க்காரத் தண்ணீர்.

"டீ வாசனையே வரலியே," என்றது திரைச்சீலைக்கு அப்பாலிருந்து ஒரு கனத்த குரல். அது ஆண்டியப்பன்.

"நெதானமா போடுற பொண்ணுங்க அது. வாசனைய எல்லாம் சட்டிக்குள்ளாறயே அடக்கி வச்சிரும்," என்றார் செல்லசாமி மாமா.

சோடா கூடிவிட்டது, அவ்வளவுதான். மூலம் கூடினால் அமிலம் சேர்க்க வேண்டும். எலுமிச்சங்காய் இரண்டு இருந்தது. ஆனால் இந்த முறை குருட்டாம்போக்கில் செய்யப் போவதில்லை. முறையாகச் சோதித்துச் சோதித்துச் செய்வான். சட்டைப் பையில் பள்ளிக்கூடத்துப் பாசிச்சாயத் தாள் கட்டு இருந்தது. அமிலத்தில் நீலத் தாள் சிவக்கும், மூலத்தில் சிவப்புத் தாள் நீலமாகும். இரண்டும் மாறாவிட்டால் நடுநிலை.

சிவப்புத் தாளைச் சட்டியில் முக்கி எடுத்தான். தாள் பழுப்பாக வந்தது. நீலத் தாளை முக்கினான். அதுவும் பழுப்பாகத்தான் வந்தது. டீயில் முக்கினால் எந்தத் தாளும் டீ நிறத்தில்தானே வரும்! இதைப் புத்தகத்தில் போட்டிருக்கவில்லை.

ஆகவே குருட்டாம்போக்கிலேயே ஒரு எலுமிச்சங்காயைப் பிழிந்தான்.

கொதிக்கும் சட்டியில் சோடாவும் எலுமிச்சையும் சந்தித்த சந்திப்பு அவன் இதுவரை எந்த ஆய்வுகூடத்திலும் பார்த்திராதது. சீறிக்கொண்டு நுரை எழும்பியது. சட்டி விளிம்பைத் தாண்டியது. அடுப்பில் வழிந்து, தீயை அணைத்து, மேசையில் ஓடி, அவன் பாதத்தில் சொட்டியது. "ஆ" என்று வந்த சத்தத்தை வாயைப் பொத்தி அடக்கினான். கேஸ் வாடை மூக்கில் ஏறவும் தாவிப் போய்க் குமிழைத் திருகி மூடினான். ஜன்னலைத் திறந்தான். வெளியே இருந்த பனிமூட்டம் அழைக்காத விருந்தாளியாக உள்ளே வந்தது.

"அது என்னாங்க சத்தம்?" இது மாப்பிள்ளையின் தாயார் வேலாயி. வந்ததிலிருந்து அந்த அம்மாள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"பொண்ணு வேலையில ரொம்ப வேகமுங்க," என்றார் செல்லசாமி மாமா.

"இப்பத்தான் நெதானமுன்னு சொன்னீங்க."

"நெதானமான வேகமுங்க."

அடுத்த விநாடி மாமாவே உள்ளே வந்துவிட்டார். மேசையையும் தரையையும் ஜீவராஜின் காலையும் பார்த்தார்.

"அடப்பாவி, டீ போடச் சொன்னா என்னா வேலப்பா பாத்து வச்சிருக்க?"

"மாமா, ஒரே ஒரு நிமிசம். சமநிலைக்கு வந்துரும்."

"அங்க டீமேக்கரு மணிக்கூட்டப் பாக்க ஆரம்பிச்சிட்டாரு. பையன் போனையே பாத்துக்கிட்டு இருக்கான். அந்தம்மா இந்தத் திரச்சீலையையே பாத்துக்கிட்டு இருக்கு. எனக்குப் பொய் சொல்லிச் சொல்லித் தொண்ட காஞ்சி போச்சி. சீக்கிரம் குடு."

சட்டியில் மிஞ்சியிருந்தது பாதி. அதில் பால் மறுபடியும் திரிந்து போயிருந்தது. ஜீவராஜ் புதுக் கைக்குட்டை ஒன்றை எடுத்து வடிகட்டினான். வடிந்து வந்ததில் இன்னும் கொஞ்சம் சோடா. புளித்தது. இன்னும் கொஞ்சம். சவர்க்காரம். இன்னும் நாலு சொட்டு எலுமிச்சை. ஒரு கட்டத்தில் புளிப்பும் போய், சவர்க்காரமும் போய், நாக்கில் ஒரு மாதிரி கரித்தது.

உப்பு.

அமிலமும் மூலமும் சேர்ந்தால் உப்பும் நீரும் கிடைக்கும். கரும்பலகையில் எத்தனை தடவை எழுதிப் போட்டிருப்பான்! பாடம் அட்சரம் பிசகாமல் சரியாக இருந்தது. டீதான் குடிக்கிற மாதிரி இல்லை.

சீனி டப்பாவைக் கவிழ்த்தான். ஏலக்காயைத் தட்டிப் போட்டான். இஞ்சியை நசுக்கிப் போட்டான். நெற்றி வியர்வையும் ஒரு சொட்டு விழுந்திருக்கலாம், அதை அவன் பார்க்கவில்லை. கோப்பைகளில் ஊற்றித் தட்டில் வைத்து மாமாவிடம் நீட்டியபோது, தங்கையின் வாழ்க்கையையே அந்தத் தட்டில் வைத்து நீட்டுவதாகத்தான் அவனுக்குத் தோன்றியது.

"பொண்ணு வெக்கப்படுதுங்க. டீயக் குடிச்சி முடிங்க, அப்புறமா வரும்." மாமா தட்டைக் கொண்டுபோய் நீட்டினார்.

"நீங்க எடுத்துக்கலியா?" என்று கேட்டார் ஆண்டியப்பன்.

"எனக்குச் சீனி வியாதிங்க," என்றார் மாமா அவசரமாக.

ஜீவராஜ் திரைச்சீலை ஓரத்தில் ஒற்றைக் கண்ணை வைத்தான்.

கிஷாந்த் ஒரு மிடறு குடித்தான். அவன் தொண்டை ஏறி இறங்கியது. கண் கலங்கியது. காதலித்த பாவத்துக்கு மீதியையும் கசாயம் குடிப்பதுபோல் ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தான். நல்ல பையன் என்று ஜீவராஜ் மனதுக்குள் கும்பிட்டான்.

ஆண்டியப்பன் அவசரப்படவில்லை. கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விளிம்போடு லேசாகச் சுற்றினார். பிறகு உதட்டில் வைத்து, காற்றையும் சேர்த்து, ஓடு அதிரும்படி ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். கண்ணை மூடினார்.

அவர் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார். வேலாயி அப்போதுதான் தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"எப்புடிங்கய்யா இருக்கு?" செல்லசாமி மாமாவுக்குப் பொறுக்க முடியவில்லை. "சொல்லுங்கய்யா!"

ஆண்டியப்பன் தொண்டையைச் செருமினார். "கலரு… நல்ல கலரு. செகப்பும் பொன்னுமா, இந்த மாதிரிக் கலரு இப்பெல்லாம் எடுக்கவே முடியாது. நல்ல லிக்கரு. எறங்குன சாயம் திடமா நிக்கிது. ஏலத்துல போட்டா மேல் வெலைக்குப் போவும்."

ஜீவராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டான். கொறக்காப் புளியும் அப்பச்சோடாவும் எலுமிச்சங்காயும் சேர்ந்து ஏலத்தில் மேல் விலைக்குப் போகின்றனவா? விஞ்ஞானம் கைவிடவில்லை! ஒருவேளை தன் நாக்கில்தான் ஏதாவது கோளாறோ? மற்றவர்களுக்குத் தெரியாத நயத்தை ஒரு டீமேக்கரின் நாக்கு கண்டுபிடித்திருக்குமோ? சந்தோசத்தில் அவனுக்கு அழுகை வந்தது.

வேலாயி ஒரு வாய் குடித்தார். கோப்பையை உதட்டிலிருந்து எடுத்தார். கணவனை ஒரு பார்வை பார்த்தார். கோப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பின்கதவு தள்ளப்பட்டது. லோஜினி மூச்சு வாங்க நின்றாள். பஸ் நின்ற இடத்திலிருந்து மேட்டில் ஓடி வந்திருக்கிறாள். சுடிதாரெல்லாம் ஈரம், தலைமுடியில் பனி முத்து. அடுப்பங்கரையைப் பார்த்ததும் அவள் வாய் பிளந்தது.

"அண்ணே, தொடாதன்னு சொன்னேனே!"

"உஸ்! எல்லாம் சரியாயிருச்சி. டீ நீதான் போட்ட. டீமேக்கரே நல்லாருக்குன்னு சொல்லிட்டாரு. வாயத் தொறக்காம போயிக் கும்புட்டுட்டு வந்துரு."

"பொண்ணக் கூப்புடுங்க," என்று ஆண்டியப்பன் சொல்வது கேட்டது. "இந்த டீயப் போட்ட கைய நான் பாக்கணும்."

சேலை மாற்ற நேரமில்லை. லோஜினி முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே போய்க் கும்பிட்டு நின்றாள். எல்லார் கண்ணும் அவள் ஈரத் தலையில் விழுந்தன.

"டீ கொதிச்ச ஆவிங்க," என்றார் செல்லசாமி மாமா.

வேலாயி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு மடியிலிருந்த தன் கோப்பையை எடுத்து நீட்டினார்.

"களைச்சிப் போயிருக்கியேம்மா. இந்தா, நீயும் ஒரு வாய் குடி."

ஜீவராஜ் திரைச்சீலையோடு சேர்ந்து காம்பராவுக்குள் பாய்ந்தான். "வேணாம்மா! அவ டீ குடிக்க மாட்டா! பழக்கமே இல்ல!"

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து டீ குடிக்காத ஒருத்தியா? எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்த அந்த இடைவெளியில் லோஜினி கோப்பையை வாங்கிக் குடித்துவிட்டாள்.

குடித்தவள் அப்படியே நின்றாள். கன்னம் உப்பியது. கண் விரிந்தது. அடுத்த கணம் வாசலுக்கு ஓடிப்போய், கழிவுநீர்க் கானில் துப்பினாள்.

"அண்ணே! என்னா கருமம் இது?" வாயைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள். வந்திருப்பவர்கள் யார் என்பதே அவளுக்கு மறந்துபோய்விட்டது. "சோடாவ அள்ளிக் கொட்டியிருக்கு. அதுக்கு மேல எலுமிச்சங்கா. அடியில கொறக்கா வாட வேற அடிக்கிது! நல்ல தேயிலய நாசம் பண்ணி, ஏலக்காயப் போட்டு மூடி வச்சிருக்கு. இதையா வந்தவங்களுக்குக் குடுத்த?"

மேலே ஓட்டில் தூறல் விழத் தொடங்கியது.

"டீ போட்டது நீ இல்லியாம்மா?" ஆண்டியப்பனின் குரல் மாறியிருந்தது.

செல்லசாமி மாமா அவளுக்குக் கண்ணைக் காட்டினார், தலையை ஆட்டினார், இருமினார். லோஜினி அவரைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். கிஷாந்தைப் பார்த்தாள்.

"இல்லீங்க. நான் இப்பத்தான் வேல முடிஞ்சி பஸ்ஸ விட்டு எறங்கி வாறேன். பொய் சொல்ல மாட்டேங்க."

ஆண்டியப்பனின் முகத்தில் ரத்தமே இல்லை. நல்ல லிக்கர், ஏலத்தில் மேல் விலை என்று சற்று முன் சொன்ன வாய் ஒருமுறை திறந்து மூடியது. கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்தார். வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் போய் மழையைப் பார்த்து நின்றுகொண்டார். கிஷாந்த் "அப்பா" என்று பின்னாலேயே ஓடினான்.

நல்லதண்ணியில் நடந்ததேதான் இங்கேயும் நடந்தது. ஒரு வாய், கோப்பை கீழே, மனுசன் வெளியே. செல்லசாமி மாமா நாற்காலியில் சரிந்து, பக்கத்தில் இருந்த கோப்பையைத் தெரியாமல் எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, முகத்தைக் கோணினார்.

லோஜினி அடுப்பங்கரைக்கு வந்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். அவள் அழுகிறாள் என்பது முதுகிலேயே தெரிந்தது. ஜீவராஜுக்கு அவள் அருகில் போகவும் தைரியமில்லை, தள்ளி நிற்கவும் மனமில்லை.

"என்னாலதான். நீ தொடாதன்னு சொன்ன. நாந்தான் கேக்கல."

"நான் வாய மூடிக்கிட்டு முழுங்கியிருக்கலாம்ணே," என்றாள் அவள் திரும்பாமலேயே. "முழுங்க முடியல. நாக்கு விடல."

திரைச்சீலை விலகியது. வேலாயி தன் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். ஜீவராஜ் சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டான். வாத்தியார் என்ற கெத்தெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"அம்மா, தப்பு முழுக்க என்னுதுங்க. பாலக் கெடுத்தது நான், உண்மைய மறைச்சது நான். ஐயா மாதிரி ஒரு நாக்குக்கு இந்தக் கண்றாவியக் குடுத்தது பெரிய பாவம். அவரு கோவம் நாயமானதுதான். என்னையத் திட்டுங்க, ஏத்துக்கிறேன். இவ நல்ல புள்ளைங்க. என் படிப்புக்காகத் தன் படிப்ப விட்டவ. என்னால இவ கலியாணம் நிக்கக் கூடாதுங்க."

வேலாயி கோப்பையிலிருந்த மீதி டீயைத் தொட்டியில் ஊற்றினார். இஸ்தோப்புப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரைச்சீலையை நன்றாக இழுத்து மூடினார். லோஜினியின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, ஈரக் கன்னத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, ஜீவராஜின் பக்கம் குனிந்து ரகசியமாகச் சொன்னார்.

"மெதுவாப் பேசுங்க தம்பி. கொரோனா வந்து போனதுல இருந்து அந்த மனுசனுக்கு வெல்லமும் வேப்பங்கொழுந்தும் ஒண்ணுதான். பேக்டரித் தேயிலைய இத்தன வருசமா வீட்டுல வச்சிக் குடிச்சித் துப்பிப் பதம் சொல்றது நாந்தான். எனக்கும் இப்ப நாக்கு மங்கிக்கிட்டு வருது, மலை மலையா ஏறி எறங்கி இன்னைக்கித்தான் துப்பத் தெரிஞ்ச ஒரு மருமக கெடச்சிருக்கா — தேதிய எப்ப வச்சிக்கலாம்?"